வெற்றிலையில் தெரிந்த குன்று

எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச நாள், என் கண்ணுக்கு எங்கள் வீட்டில் ஏக மரியாதை. கரும்பலகையில் இருக்கும் கணக்கைத் தப்பாகப் பார்த்து எழுதி அடி வாங்கிய அதே கண்தான். மாமா காணாமல் போய் இரண்டு வருஷமாகியும் போலீஸ் கண்டுபிடிக்காததால், அப்பா என்னை மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் அழைத்துப் போனார். காணாமல் போனவர்கள் மையில் தெரிவார்களாம். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாதாம், குழந்தைதான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டில் குழந்தை நான் ஒருத்திதான்.

மாமா என்றால் அத்தையின் கணவர். தி. நகரில் அப்பாவின் ஜவுளிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், ஒரு மத்தியானம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். அவ்வளவுதான். அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். பாண்டி பஜாருக்குக் காய் வாங்கப் போனால் காயைப் பார்க்கமாட்டாள். எதிரே வருகிற ஆண்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

மைக்காரர் வெற்றிலையில் கறுப்பாக எதையோ தடவி என் மூக்குக்கு நேரே பிடித்தார். "இன்னா தெரியுது பாப்பா? பயப்படாம சொல்லு."

முதலில் என் முகம்தான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்புறம் அது போய்விட்டது. ஒரு பெரிய பாறை வந்தது. அதில் ஆட்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேலும் சட்டை இல்லை.

"எல்லாரும் கண்ண மூடிட்டிருக்காங்க" என்றேன். மைக்காரரே வெற்றிலையைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

கடையில் வேலை பார்த்த செஞ்சிக்காரர் இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். அவர் ஊர்ப் பக்கம் அச்சு அசலாக அப்படி ஒரு குன்று இருக்கிறதாம். பாறையில் சமண சாமிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாடகை அம்பாசிடர் வாசலில் நின்றது. அப்பா கடை ஆட்கள் இரண்டு பேரை, நல்ல தடியர்களாகப் பார்த்து, முன்சீட்டில் ஏற்றினார்.

"மச்சானக் கையக் காலக் கட்டியாவது கொண்டாந்து கல்லாவுல உக்கார வைக்கேன், பாரு" என்றார். அந்த வெயிலில் அத்தை அரக்குப் பட்டு கட்டியிருந்தாள்.

குன்றடிவாரத்தில் டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "இன்னாமோ மாரி கீது சார் இந்த எடம். நான் இங்கயே நிக்கிறேன்." பாதி ஏறும் வரை கீழே மாட்டுக்காரர்கள் போடும் சத்தம் கேட்டது. மேலே போனதும் அதுவும் நின்றுபோயிற்று. உருண்டைப் பாறை ஒன்றின் முகத்தில் இரண்டு வரிசையாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்த்தவர்களேதான். எல்லோருக்கும் ஒரே முகம். ஐயோ, வீட்டுக்குப் போகலாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அப்பாவும் ஆட்களும் "மச்சான்! மச்சான்!" என்று கூவிக்கொண்டு சரிவில் தேடப் போனார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்பக்கம் போனாள். அங்கே நிழலில் இன்னொரு சாமி தனியாக உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் புழுதி படிந்து பாறையின் நிறம். கன்னத்தில் ஈ ஒன்று ஊர்ந்து உதட்டுக்குப் போயிற்று. இமைகூட அசையவில்லை. ஆனால் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. மாமாவுக்கு இடது காது மடலில் சுண்டைக்காய் அளவு மரு உண்டு. அந்தக் காதிலும் இருந்தது.

அத்தை கூப்பிடவில்லை, அழவுமில்லை. குனிந்து, முந்தானையால் அந்த ஈயை விரட்டினாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வழியில் போகிறவர்களைக்கூட நாம் அதைவிட அக்கறையாகப் பார்ப்போம். மறுபடி மூடிக்கொண்டார்.

"ஏட்டி, அங்கன யாரும் இருக்காவளா?" அப்பாவின் குரல் பக்கத்தில் வந்துவிட்டது.

"யாருமில்லண்ணே. வெறுங்கல்லுதான்" என்றாள் அத்தை. அவளுடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியிருந்தது.

திண்டிவனம் வருவதற்குள் என்னால் தாங்க முடியவில்லை. "மாமா இருந்தாங்கப்பா!" என்று உடைத்துவிட்டேன். அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள பயந்திருக்கு" என்றாள் அத்தை, என் தலையைத் தடவியபடி. அப்பா என்னைத் திட்டிய திட்டு மாம்பலம் வரை ஓயவில்லை. கார் வாடகை, மைக்காரர் தட்சணை எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பாம். மறுநாள் அம்மா என்னை மந்திரிக்க அழைத்துப் போய் வேப்பிலை அடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரமே பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். அத்தை பெட்டியைத் திறந்து மாமாவின் சட்டை வேட்டியெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து போட்டாள்.

"இன்னாமா, புச்சாட்டம் கீது, குடுத்துடுறியா?"

"அவியளுக்கு இனி வேண்டாம்" என்று சொல்லி, எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள்.

பாத்திரக்காரி போனதும் கேட்டேன். "அது மாமாதானே அத்தே?"

"ஆமா."

"பின்ன ஏன் அப்பாட்ட சொல்லல?"

"சொன்னா இழுத்துட்டு வந்துருவாவளே" என்றாள்.

அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனோம்? அத்தைக்கு மாமாமேல் துளிகூடப் பிரியம் கிடையாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். ரொம்ப வருஷம் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.