மாஸ்டரின் பச்சைக் கோட்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தும் நிதானம் இழக்காத மனிதர். அந்த நிதானத்தைக் குலைத்தது அவர் வீட்டுத் துணி அலமாரி.

படுக்கையறைச் சுவரிலேயே பதித்த அலமாரி அது. ஒருநாள் காலை, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மனைவியிடம் வந்தார்.

"இது எப்ப பச்சையாச்சு?"

"பூசணம் புடிச்சிருக்குங்க. அலமாரியே நாறுதுன்னு எத்தனை தடவ சொன்னேன், காதுல வாங்கினீங்களா?"

பிரஷ் போட்டுத் தேய்த்தார். பச்சை போயிற்று, வாடை போகவில்லை. அன்றே அலமாரிக்கு வைத்தியம் ஆரம்பமானது. தட்டுக்குத் தட்டு பாச்சை உருண்டை போட்டார். இரண்டு வாடையும் கைகோத்துக்கொண்டு கூடம் வரை வந்தன. கிண்ணம் நிறையக் கல்லுப்பு வைத்தார். அது ஈரத்தைக் குடித்துக் கரைந்து வழிந்து, கீழே இருந்த சாக்ஸையெல்லாம் ஊறவைத்தது.

மனைவியின் தம்பி யோசனையோடு வந்தான். "மாமா, உள்ள ஒரு பல்ப எரியவிடுங்க. எல்லாம் காஞ்சிடும்."

எரியவிட்டார்கள். கதகதப்பு பிடித்துப்போய், பூசணம் அடுத்த தட்டுக்கும் குடியேறியது.

"ஒரு தாலாட்டும் பாடிட்டா நல்லாத் தூங்கும்" என்றாள் மனைவி.

அந்த வாரம் கார் கற்க வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. வண்டியில் ஏறியதும் மூக்கைச் சுளித்தார்.

"மாஸ்டர், சீட்டுக்கு அடியில எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

"இல்லம்மா. ரோட்டப் பாருங்க" என்று சொல்லி, மாஸ்டர் கோட்டோடு ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டார். டாக்டரம்மா தும்மினார். தும்மியபோதெல்லாம் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

ரிவர்ஸ் பழக மாஸ்டர் தன் வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்கே கூட்டிவந்தார். அங்கே சுவரை ஒட்டி அவருடைய பூந்தொட்டிகள் நெருக்கியடித்து நின்றன. காபியை மறந்தாலும் மறப்பார், காலையில் அவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் பீய்ச்ச மறக்கமாட்டார்.

"மெதுவா... கண்ணாடியப் பாருங்க... இன்னும் மெதுவா..."

"ஹாச்!"

இந்த முறை கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. டமால்! வரிசையில் பாதித் தொட்டி காலி. யாருக்கும் அடியில்லை. மாஸ்டர் மட்டும் செம்பருத்தியைக் கையில் ஏந்தி, துக்க வீட்டில் நிற்பவர்போல நின்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி செடியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். தொட்டிகள் இருந்த இடத்தில் பூச்சு உப்பி, பாசி படர்ந்து, தொட்டால் தண்ணீர் ஒட்டியது.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

மாஸ்டர் யோசித்தார். முகம் மாறியது. "அலமாரி."

"தெனமும் சுவத்தக் குளிப்பாட்டறது யாரு?"

மாஸ்டர் உதவிக்கு டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேர் கெட்டிருந்தா மேல தேச்சு என்ன மாஸ்டர் பிரயோஜனம்? எங்ககிட்டயும் தெனம் இதே கதைதான்" என்றார்.

மிஞ்சிய தொட்டிகள் மொட்டைமாடிக்குப் போயின. நனைந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவரை வெயிலில் காயவிட்டார்கள். அலமாரித் தட்டுகளை வினிகரால் துடைத்து, கதவைத் திறந்தே போட்டார்கள். துணியெல்லாம் கட்டிலில் மலையாகக் கிடக்க, கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

ஒருவழியாகச் சுவர் காய்ந்து, பூச்சும் வர்ணமும் பார்த்து, அலமாரி மணக்கத் தொடங்கியதும் மனைவி தட்டுகளைப் பங்கு பிரித்தாள். எல்லாம் அவளுக்கு. மாஸ்டருக்குக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி.

"நல்லா காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

மாஸ்டர் சட்டையைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினார்.