அரைத் தலைக்கட்டுக் கணக்கு

எனக்குத் தாராவியில் இரண்டு மாமாக்கள். ஒருவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மற்றவர் இன்னொரு மாமா. அவருடைய பெயரே அதுதான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். “இன்னொரு மாமா வந்திருக்காவ” என்று நான் போய்ச் சொல்வேன். “உள்ள கூப்பிடுட்டி, டீ போடுதேன்” என்பாள் அம்மா. வீட்டில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

இருவரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரே ரயிலில் வந்திறங்கியவர்கள். குர்லாவில் டிரங்குப் பெட்டி செய்கிற பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். லேபர் கேம்புக்குப் பின்னால் எங்கள் சந்திலேயே, எங்களுக்கு எதிர்ச்சாரியில், ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், குடியிருந்தார்கள். மாமா சமைத்தால் இன்னொரு மாமா பாத்திரம் கழுவுவார். இன்னொரு மாமா சமைத்தால் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். பட்டறையில் மிஞ்சுகிற தகரத்துண்டுகளில் எனக்குக் கம்மல்பெட்டி, உண்டியல், பொம்மைக்குக் கட்டில் எல்லாம் செய்து தருவார்கள். எங்கள் சந்துப் பெண்பிள்ளைகளில் என்னைப்போலப் பவுசாக வாழ்ந்தவள் யாரும் கிடையாது.

ஊரிலிருந்து வருஷந்தோறும் பெண்ணின் போட்டோ வரும். மாமா கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வாங்கிப் பார்ப்பார். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. இதுக்கு நல்ல மாப்பிள்ளையாப் பாருங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இன்றைக்கு அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. டிவியில் விவாதம் இருக்கிறது. ரோமாபுரியிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் எங்கள் பங்குக் கோவிலில் மறுநாளே இரண்டு கட்சி இருக்கிறது. அன்றைக்கு எங்கள் சந்தில் அதற்குப் பெயர் கிடையாது. பெரியவர்கள் ‘அது’ என்பார்கள். நடுவில் பிள்ளைகள் யாராவது வந்துவிட்டால் உடனே, “மழை வரும்போல இருக்கே” என்பார்கள். மே மாதத்து வெயிலிலும் எங்கள் சந்தில் மழை வரும்போலவேதான் இருந்தது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் சந்தில் திருநெல்வேலிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இரண்டு சாரியிலும் இருந்தோம். மாதா சுரூபம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு போகும். சாயங்காலம் ஜெபமாலை, பிறகு பொரிகடலையும் சர்க்கரையும். அன்று ராத்திரி மாதா அந்த வீட்டில் தங்குவாள். மாதா வருகிறாள் என்றால் கோலிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கடன் கேட்டவனிடம்கூடச் சிரித்துப் பேசுவார்கள். அவளைத் தூக்கிப்போகத் தகரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி ஒன்று உண்டு. அதைத் தங்கள் கோலியில் வைத்துச் செய்துகொடுத்தது என் இரண்டு மாமாக்களும்தான். பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெட்டி அவர்கள் கோலிக்கு மட்டும் போனதில்லை.

காரணம் தலைக்கட்டு. ஊரில் வழங்கிய கணக்கை என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஒரு இம்மி குறையாமல் பம்பாய்க்குக் கொண்டுவந்திருந்தார். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் அரைத் தலைக்கட்டு. கல்யாணம் ஆகாதவன் கணக்கிலேயே இல்லை. தலைக்கட்டுக்கு ஒரு ராத்திரி மாதா. மூலைக் கோலியில் இரண்டு அத்தைமார் இருந்தார்கள், ஓரகத்திகள், இரண்டு பேருமே புருஷனை இழந்தவர்கள். அவர்கள் அரையும் அரையுமாகச் சேர்ந்து ஒரு தலைக்கட்டு ஆனார்கள். மாதா அங்கே முழு ராத்திரியும் தங்கினாள்.

என் மாமாக்களுடைய வாசலைப் பெட்டி தாண்டுகிறபோது இருவரும் கையில் மெழுகுவர்த்தியோடு வெளியே நிற்பார்கள். பாட்டு அங்கே வந்ததும் கொஞ்சம் வேகமெடுக்கும். அதை நான் கவனித்திருக்கிறேன், ஆனால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் மாதம் பிறக்கிறதற்கு முன்பே ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அக்கா, இந்தத் தடவையும் தாண்டிப் போச்சுன்னா நாங்க இங்க இருக்கல. உல்லாஸ்நகர்ல ஒரு கோலி பாத்தாச்சு. அங்க யாருக்கும் எங்களத் தெரியாது. தெரியாதவன் தாண்டிப் போனா வலிக்காதுல்லா?”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பம்பாயில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். எனக்கோ ஒரே அடியில் இரண்டு மாமாக்களும் போகிறார்கள். நான் ஓவென்று அழுதேன். “மழை வரும்போல இருக்கே” என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் முறை பேசுவதற்குப் பெரியப்பா வீட்டில் கூடினார்கள். பங்குச் சாமியாரும் வந்திருந்தார். அவர் அப்போதுதான் பீடத்திலிருந்து எங்கள் பக்கம் திரும்பி நின்று தமிழில் பூசை வைக்க ஆரம்பித்திருந்தார். பெரியப்பாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆண்டவருக்கு முதுகைக் காட்டுகிறார் என்பது அவர் கட்சி. இத்தனை நாள் நமக்கு முதுகைக் காட்டினாரே என்பது அம்மாவின் கட்சி. நான் புதுநன்மைக்காக, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்காக, ஞானோபதேசம் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சாமியார் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா முறையைச் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்தாள்.

“அத்தான், என் தம்பி வீடு விட்டுப்போச்சே.”

“அது வீடு இல்லம்மா. பொம்பள இல்லாத இடம் எப்படி வீடாகும்?”

“சாமியார் பங்களாவுல எந்தப் பொம்பள இருக்கா? மூணு சாமிமாரும் ஒண்ணாத்தான இருக்காவ. அங்க மாதா இல்லியா?”

சாமியாருக்கு டீ புரையேறிவிட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். பெரியப்பா முகம் சிவந்துபோய், “அது குருப்பட்டம். எதுக்கு எதச் சொல்லுத!” என்று கத்தினார். கதவோரம் நின்ற ஒருவர், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார். இன்னொருவர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் பேசலாமா என்றார். மழை வரும்போலிருக்கிறது என்று மட்டும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். மெய்விவாகம் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான், அதில் திருச்சபைக்கு இரண்டு பேச்சு இல்லை என்றார். அவர் சொன்னதில் கடுமை ஒன்றும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கலியாணம் பண்ணி வையிங்கன்னு யாரு சாமி கேட்டா? மாதா ஒரு ராத்திரி தங்கட்டும்னுதான கேக்கேன். அவளப் பாக்கணும்னு வருசா வருசம் வாசல்ல நிக்கான் சாமி என் தம்பி” என்றாள் அம்மா. கடைசி வார்த்தை சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அம்மா சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் அழுது பார்த்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பின்னக்கணக்கு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்:

“பெரியப்பா, மூலவீட்டு அத்தைமாரு அரையும் அரையும் ஒண்ணு. மாமா ஒரு அரை. இன்னொரு மாமா ஒரு அரை. அதுவும் ஒண்ணுதான?”

கோலி முழுக்கச் சிரிப்பு. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாவம், கணக்குக்குக் கணக்குதான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துவிட்டார். “கலியாணம் ஆகாதவன் அரையும் இல்ல, காலும் இல்லட்டி. ஒக்காரு மூதி” என்றார்.

அப்போதுதான் மூலைவீட்டுப் பெரிய அத்தை வாயைத் திறந்தாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவளே அல்ல. முந்தின வருஷம் மழைக்காலத்தில் சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது அவள் புருஷனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது என் இரண்டு மாமாக்களும்தான். அவர் பிழைக்கவில்லை. அதிலிருந்துதான் அவள் அரை ஆனாள்.

“அண்ணாச்சி, அவங்க கணக்குல இல்லன்னா போகட்டும். நாங்க இருக்கோம்லா? எங்க அரையும் எங்க ஓரகத்தி அரையும் சேத்து அந்தப் பிள்ளையளுக்குக் கொடுத்தாச்சு. எங்க ராத்திரி இந்த வருசம் அவங்களுக்கு.”

சின்ன அத்தை, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அவரவர் தலைக்கட்டு அவரவர் உரிமை என்பதும் பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்குதானே. அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மிச்ச டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவங்க முறைய அவங்க குடுக்காங்க. இதுல நான் என்ன சொல்ல இருக்கு?” என்றார் கடைசியில். எழுந்து போகும்போது என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எனக்குப் புதுநன்மைப் பரீட்சை பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. மாமாக்கள் சுண்ணாம்பு அடித்த வெள்ளையில் கண் கூசியது. அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையைக் கொண்டுபோய் மாதாவுக்குப் பின்னால் திரையாகக் கட்டினாள். பாட்டோடு பெட்டி வந்து, தான் பிறந்த கோலிக்குள் முதல்முறையாக நுழைந்தது. எல்லோரும் வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரியப்பா பெட்டியோடு வாசல்வரை வந்தார், படியோடு நின்றுவிட்டார். “உள்ள எடம் இல்ல” என்றார். உள்ளே இன்னும் பத்துப் பேர் உட்காரலாம். லேசாகத் தூறல் போட்டது. இன்னொரு மாமா ஒரு புது டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூரைச்சரிவுக்குக் கீழே போட்டார். பெரியப்பா அதில் உட்கார்ந்தார். பழைய பூசையில் சாமியார் நிற்பதுபோல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெபமாலையில் அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியை வீட்டுக்காரர் சொல்வார், மறுபாதியை எல்லோரும் சொல்வோம். அதுதான் முறை. மாமா முழங்காலில் நின்று ஆரம்பித்தார். விரலிடையில் இரண்டு மணி உருண்டிருக்கும், மூன்றாவது மணியில் பாதியிலேயே நின்றுபோனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆள், இது மனப்பாடம் இல்லையா! நான் எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இன்னொரு மாமா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அந்தப் பாதியை முடித்தார். மறுபாதியை நாங்கள் சொன்னோம். எங்கள் எல்லோருடைய குரலுக்கும் மேலே, வெளியே தூறலிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு மந்திரம் பாதியில் நிற்பது பொறுக்காது. ஐம்பத்துமூன்று மந்திரத்தையும் முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லி முடித்தார். பொரிகடலை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

உல்லாஸ்நகர்க் கோலிக்கு வேறு யாரோ குடிபோனார்கள். மறுவருஷமும் அத்தைமார் தங்கள் ராத்திரியைக் கொடுத்தார்கள். பெரியப்பா மறுவருஷமும் உள்ளே வரவில்லை. ஆனால் டிரங்குப் பெட்டியை அவரே திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அது அவர்கள் பாடு.

அந்த முதல் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு மாமா எதிரே உட்கார்ந்து சிந்திய பொரிகடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாதாவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

“ஏட்டி, அன்னைக்கு ஒரு கணக்கு சொன்னியே. அத இன்னொரு தடவ சொல்லு.”

“அரையும் அரையும் ஒண்ணு மாமா.”

“இன்னொரு தடவ?”

சொன்னேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதன் பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே கணக்கைத்தான் கேட்டார். நான் பெருக்கல், வகுத்தல் எல்லாம் தாண்டி அல்ஜீப்ராவுக்கே போய்விட்டேன், அவர் மட்டும் அரையையும் அரையையும் விடவில்லை. பாவம், மாமா பின்னக்கணக்கில் ரொம்ப வீக் என்று நினைத்துக்கொண்டு நானும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தேன்.