ஆலடித் துரை கொடுத்த பொட்டல்

மதுரை காஜிமார் தெருப் பக்கம் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும் சோறாக்கப் பண்டாரி பக்கீர் முகமதுவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதே, "பண்டாரி வருவாரு, கூடவே ஜித்தாவும் வரும்" என்று பெருமூச்சும் விடுவார்கள். அண்டாவுக்குத் தம் போட்டு, மூடி மேல் தணலை வாரிக் கொட்டிவிட்டால் அரைமணி நேரம் அவருக்கு வேலை இல்லை. அந்த அரைமணி நேரத்தில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் ஜித்தா கதைதான்.

முதல் யுத்தத்தின்போது, இருபத்திரண்டு வயதில், பம்பாயில் ஒரு சர்க்கார் கப்பலில் சமையல் ஆளாகச் சேர்ந்தவர் அவர். அந்தக் கப்பல் செங்கடலில் ஏடனுக்கும் ஜித்தாவுக்குமாக அலைந்துகொண்டிருந்தது. அரபு அரசர்கள் துருக்கிக்காரனை எதிர்த்துக் கிளம்ப வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்த காலம். நீங்கள் எங்கள் பக்கம் சண்டை போடுங்கள், யுத்தம் முடிந்ததும் அரபு பூமி அரபுகளுக்கே என்பதுதான் கடிதங்களின் சாரம். ஒருநாள் ஒரு சிற்றரசரின் தூதர் கப்பலுக்கு வந்தார். கப்பல் துரை அவரை உட்காரவைத்து, எந்த மலையிலிருந்து எந்தக் கடல் வரை என்று விரலால் வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டினார். பக்கீர் முகமது ஆக்கிய ஆட்டுக்கறிச் சோற்றைத் தூதர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. ரஷ்யாவில் ராஜாவைக் கவிழ்த்தவர்கள், பழைய சர்க்காரின் ரகசியக் காகிதங்களை எல்லாம் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அதே பூமியைப் பிரெஞ்சுக்காரனோடு பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று அதில் இருந்தது. போதாததற்கு, அந்தப் பூமியில் ஒரு துண்டில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க உதவுவதாக லண்டனிலிருந்து வேறொரு கடிதம். தூதர் மறுபடியும் கப்பலுக்கு வந்து, "இது என்ன?" என்று கேட்டார். துரை முகம் மாறாமல், "எங்கள் கடிதத்தைச் சரியாகப் படியுங்கள். முன் ஏற்பாடுகளுக்கு உட்பட்டு என்று இருக்கிறதே!" என்றார்.

இந்த இடத்தில் பக்கீர் முகமது அகப்பையைக் கீழே வைத்துவிடுவார். "அன்னைக்கு நான் வச்ச சோத்துல ஒரு பருக்கை தொடலை மாப்ள! எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏலக்கா போட்ட சோறு!"

அவரைப் பொறுத்தவரை, சாம்ராஜ்யம் செய்த பாவங்களில் பெரிது அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில், அடுத்த யுத்தம் நடுவில் நிற்கும்போது, மச்சான் முகைதீன் பிச்சை வீட்டில் நிக்காஹ் நடந்தது. முகைதீன் பிச்சை ஆட்டு வியாபாரி. பட்டாளத்து முகாமுக்கு ஆடு கொடுத்துக்கொண்டிருந்தார். பந்தலில் அவர் ஒரு கடிதத்தை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். பட்டாளத்துக்குச் சாமான் சேகரிக்கும் ஆல்டர்டன் துரை அனுப்பியது அது. ஊரார் வாயில் அவர் பெயர் ஆலடித் துரை.

"தங்களது யுத்த ஒத்துழைப்பை உத்தேசித்து," என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கணீரென்று படித்தார், "சிம்மக்கல்லுக்குக் கிழக்கே, வைகைக் கரையில், இடிந்த மண்டபத்தை ஒட்டிய பொட்டல், யுத்தம் முடிந்ததும், இதற்கு முன் செய்துள்ள ஏற்பாடுகளுக்கு உட்பட்டு, தங்களுக்கு விடப்படும்."

"ஆட்டுப்பட்டி போட எம்புட்டு வருசமா அந்த இடத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன்!" என்றார் முகைதீன் பிச்சை.

பக்கீர் முகமது கையில் அகப்பையோடு பந்தலுக்குள் வந்துவிட்டார். "அந்த 'உட்பட்டு' இருக்கே, அதை இன்னொருக்கா படிங்க."

படித்தார்கள்.

"மச்சான், முன்னாடி ஏற்பாடுன்னா யாரு கூட ஏற்பாடு? அதைக் கேட்டீகளா?"

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" என்று பந்தல் முழுக்கச் சிரித்தது. "பண்டாரி, அது அரபு நாடு, இது மதுரை. போயி தம்மை உடைங்க."

நான்கு நாள் கழித்து, பக்கீர் முகமதுவின் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்த தங்கப்பொண்ணு கூடையை இறக்கினாள். ஆற்றோரக் கீரைக்காரிகள் நாற்பது பேருக்கு அவள்தான் தலைவி. முகாமுக்குத் தினம் நாலு வண்டி கீரை அவள் சொல்லுக்குத்தான் போகும். சுருக்குப்பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, "பாயி, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா சொல்லுங்க. நல்ல சேதின்னு துரை ஆபீசுல சொன்னாக" என்றாள்.

பக்கீர் முகமது கண்ணாடியை மாட்டினார். இடிந்த மண்டபம். பொட்டல். யுத்தம் முடிந்ததும். உட்பட்டு.

"கீரைச்சந்தை போட உங்களுக்குப் பொட்டலைக் குடுக்குறாராம்" என்றார் மெதுவாக.

"மகராசன்! சிவப்பு முத்திரை வேற குத்தியிருக்காரு பாருங்க."

அதற்கு மேல் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆலடித் துரைக்கு வேண்டியது ஆடும் கீரையும் மட்டும் இல்லை, காயத்துக்குக் கட்டுகிற துணியும் வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. பந்தடித் தெருவுக்கு நடந்தார். அங்கே துளசிராம் நெசவாளர்களைச் சேர்த்து முகாமுக்குக் கட்டுத்துணி நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். சௌராஷ்டிரக்காரர், நூலுக்குச் சாயம் போடுபவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"துளசிராம், உமக்கு ஆலடித் துரை ஏதும் கடுதாசி போட்டாரா?"

துளசிராம் வெட்கத்தோடு சிரித்துச் சுவரைக் காட்டினார். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மல்லிகைச் சரம் சாத்தி, கடிதம் தொங்கியது.

"நூல் காயப்போட இடமில்லாம தெருவெல்லாம் கயிறு கட்டிக் கஷ்டப்பட்டோம் பாய். பகவானாப் பார்த்து அந்தப் பொட்டலைக் குடுத்தான்."

"பகவான் குடுத்தா ஒருத்தருக்குத்தான் குடுப்பான். இது வேற ஆளு. சட்டத்தைக் கழட்டுங்க, என்கூட வாங்க."

அன்று சாயங்காலம் மூன்று கடிதமும் பக்கீர் முகமதுவின் வீட்டு முற்றத்தில் ஒரே பாயில் கிடந்தன. துரையின் பேரில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார் பக்கீர் முகமது. வந்ததோ ஒருவர் பேரில் ஒருவருக்கு.

"தேதியைப் பாருங்க. எனக்குத்தான் முதல்ல குடுத்தது!" என்றார் முகைதீன் பிச்சை.

"முத்திரை எதுல இருக்கு? உங்க காயிதத்துல வெறும் பேனாக் கிறுக்கல்" என்றாள் தங்கப்பொண்ணு.

"என் கடிதத்துல 'பிரியமுள்ள' துளசிராம்னு இருக்கு" என்றார் துளசிராம், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"கேளுங்க, ஜித்தாவுல இப்படித்தான்..." என்று பக்கீர் முகமது வாயைத் திறந்தார்.

"ஜித்தாவை நிறுத்துங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரை அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அடுப்படியிலிருந்து ஜெயினம்பு வெளியே வந்தாள். புருஷனோடு இருபத்துநாலு வருஷம் குடித்தனம் செய்தவள். "துரையை மட்டும் ஏன் ஏசுறீக? இவரு என்ன பண்ணினாருன்னு கேளுங்க. ஜித்தாவுலேர்ந்து கொண்டாந்த பித்தளைப் பூப்போட்ட பெட்டி இருக்குல்ல, அதைப் பெரிய மக சபியாவுக்குத் தாரேன்னாரு. சின்னவ சாதிகா கல்யாணத்துல அவ அழுதான்னு அவளுக்கும் தாரேன்னாரு."

பக்கீர் முகமதுவுக்குக் காது சிவந்துவிட்டது. "அது... அந்த நேரத்துக்கு... புள்ளைக மனசு..."

"துரையும் இதைத்தான் சொல்லுவாரு."

"இப்ப ரெண்டு பேரும் சண்டையா?" என்றார் அவர் ஈனக்குரலில்.

"சண்டை எதுக்கு? அவளுக ரெண்டு பேரும் பேசிக்கிட்டாளுக. ஆறு மாசம் அவ வீட்டுல, ஆறு மாசம் இவ வீட்டுல. உங்ககிட்டதான் யாரும் சொல்லலை." அவள் மூவர் பக்கம் திரும்பினாள். "ஏக்கா, கீரைச்சந்தை எம்புட்டு நேரம் நடக்கும்?"

"விடிய ஆரம்பிச்சா எட்டு மணிக்குக் கூடை காலி."

"நூலு காயுறதுக்கு?"

"வெயில் ஏறணும்மா. ஒம்பதுலேர்ந்து மூணு மணி வரைக்கும்" என்றார் துளசிராம்.

"ஆடு பட்டிக்குத் திரும்புறது எப்ப அண்ணே?"

முகைதீன் பிச்சை தாடியைச் சொறிந்தார். பாயில் கிடந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, "பொழுது சாய" என்றார்.

ஜெயினம்பு அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.

பொட்டலைப் பங்கு போட்டாயிற்று. துரையிடம் அதை எப்படி வாங்குவது என்ற யோசனை மட்டும் பக்கீர் முகமதுவுடையது. ஜித்தாத் தூதர் செய்த தப்பு, தனி அறையில் போய்க் கேள்வி கேட்டதுதான் என்று அவர் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் துரை அர்த்தம் சொல்வார். கேட்கக் கூடாது. நாலு பேர் பார்க்க நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் யுத்த நிதிக் கூட்டம் நடந்தது. மேடையில் கலெக்டர், அவர் பக்கத்தில் ஆலடித் துரை. பாண்டு வாத்தியம் முழங்க, கீரைக்காரிகள் நாற்பது பேரும், பந்தடித் தெரு நெசவாளர்களும், ஆட்டு வியாபாரிகளும் ஊர்வலமாக நுழைந்தார்கள். முன்னால் பக்கீர் முகமது, துருக்கித் தொப்பியும் கையில் ரோஜா மாலையுமாக. துரைக்கு மாலையைப் போட்டுவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்றார்.

"மகா ஜனங்களே! நெசவாளி, கீரைக்காரி, ஆட்டு யாவாரி மூணு பேரும் ஒத்துமையா இருக்கணும்னு, ஒரே பொட்டலை மூணு பேருக்கும் சேர்த்துக் குடுத்த தர்மவான் இந்தத் துரை! எவனாச்சும் இப்படி யோசிச்சிருப்பானா?"

மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொன்னதும் கலெக்டர் எழுந்து கை தட்டினார். ஆலடித் துரையின் முகம் ரோஜா நிறத்துக்குப் போய், அப்புறம் வெளுத்தது. மாலைக்குள்ளிருந்து ஒருமாதிரியாகத் தலையை ஆட்டினார். சந்தடியோடு சந்தடியாகத் துளசிராம் ஒரு காகிதத்தை நீட்டினார். பெருமாளை வேண்டிக்கொண்டு அவரே முத்து முத்தாக எழுதியது: 'யுத்தம் முடியும் வரை மேற்படி மூவரும் பொட்டலைச் சேர்ந்து அனுபவிக்கலாம்.' யுத்தம் முடியும் வரைதானே என்று துரைக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டார். கலெக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஏற்பாடு நடந்தது. சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கீரைக்காரிகள் தெளித்த தண்ணீரில் நூல் கட்டுகள் நனைந்தன. ஒரு கிடா, நெசவாளி ஒருவரின் பச்சை நூலைக் கீரை என்று நினைத்து முக்கால் கட்டு தின்றுவிட்டது. அந்த நூல் வெளியே வரும்வரை முகைதீன் பிச்சை கிடாவை விட்டு அகலவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் பக்கீர் முகமதுவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் போவார். இரண்டு பக்கமும் கேட்பார். "ஜெயினம்பைக் கேட்டுச் சொல்றேன்" என்று திரும்பிவிடுவார். எதற்கும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் பண்ணியிருந்தார்.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்தது. ஆலடித் துரை கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த இளம் துரை நால்வரையும் ஆபீசுக்கு அழைத்தார். மேஜை மேல் அந்தக் காகிதம் இருந்தது.

"பழைய கடிதங்கள் மூன்றும் முன் ஏற்பாடுகளுக்கு உட்பட்டவை, செல்லாது. இதில் யுத்தம் முடியும் வரை என்று இருக்கிறது. யுத்தம் முடிந்துவிட்டது. பொட்டலைக் காலி பண்ணுங்கள்" என்றார்.

முகைதீன் பிச்சை துளசிராமைப் பார்த்தார். துளசிராம் தரையைப் பார்த்தார். முன் ஏற்பாடு, உட்பட்டு என்று எல்லாவற்றையும் தேடிய பக்கீர் முகமது, இந்த மூன்று வார்த்தையைக் கோட்டைவிட்டிருந்தார்.

தங்கப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எந்த யுத்தம்னு அதுல போட்டிருக்கா சாமி?"

துரை காகிதத்தைப் புரட்டினார். குமாஸ்தா எட்டிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை.

"போடலைல்ல? நூலு நனையுதுன்னு இவரு. நூலைத் தின்னா ஆடு செத்துப்போகும்னு அவரு. கீரையில ஆட்டு மசுரு கிடக்குன்னு நான். இன்னைக்குக் காலையிலகூட எங்க மூணு பேருக்கும் யுத்தம் நடந்துச்சு. அது எங்க சாமி முடிஞ்சுச்சு?"

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். இளம் துரை அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். கடைசியில் பேனாவை மையில் தொட்டு, மூலையில் 'விசாரணையில் உள்ளது, அதுவரை இப்போதுள்ளபடியே' என்று எழுதிக் காகிதக் கட்டுக்குள் செருகிவிட்டார்.

வெளியே வந்ததும் முகைதீன் பிச்சை, "பாத்தீகளா, ஆட்டு மசுருன்னு துரைக்கு முன்னாடியே சொல்லிட்டா!" என்று ஆரம்பித்தார். தங்கப்பொண்ணு விடவில்லை. துளசிராமும் சேர்ந்துகொண்டார். மூவரும் கத்திக்கொண்டே சிம்மக்கல் பக்கம் நடந்தார்கள். பக்கீர் முகமது பத்தடி பின்னால் தங்கி, யாரும் தன்னைத் தீர்ப்புக் கேட்டுவிடாதபடி மெதுவாகப் போனார்.