இறுகும் கதவு

வெள்ளைக்காரன் காலத்தில் விளாத்திகுளத்தில் பங்களா கட்டிய பஞ்சு வியாபாரி, கரிசலைத் தாண்டிக் கெட்டித்தரை வரை அஸ்திவாரம் தோண்டவில்லை. தச்சு வேலைக்காரன் சங்கரபாண்டியனுக்குப் பல வருட ஆத்திரம் அது. மழை பெய்தால் மண் உப்பும், சுவர் நகரும், கதவெல்லாம் இறுகிவிடும். வருடாவருடம் இழைத்துச் சாவது அவன்தான்.

வியாபாரியின் பேரன் மனைவி ஆயிஷா பீவி அங்கே தனியாக இருந்தார். போன ஐப்பசியில் படுக்கையறைக் கதவு இறுகி, ஒரு பகல் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டார். கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லை. அதிலிருந்து மேகம் கறுத்தாலே சங்கரபாண்டியனுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

“கதவுத் தேக்குக்கு பர்மா வரைக்கும் போன மனுசரு, குழிக்கு நாலடி போவலையே பீவிம்மா” என்றான், இந்த வருடமும் இழைப்புளியோடு வந்து நின்றவன்.

பீவி சிரிக்கவில்லை. வடக்கே இடி உருண்டது. அவர் அவனிடம் கேட்டது இதுதான்:

“இழைக்க வேண்டாம் தம்பி. மழைக்கு முந்தி அதைக் கழத்தி வெளிய போட்டுரு. கதவில்லாமலே படுத்துக்கிடுதேன்.”