பங்கஜத்துக்கு முன்னுரிமை

1987ஆம் ஆண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில், ஒரே கம்ப்யூட்டரை ஐந்தாறு பேர் தனித்தனித் திரைகளில் பகிர்ந்து வேலை செய்தார்கள். தோல் இருப்பு விவரம் எடுக்கும் பங்கஜத்தின் புரோகிராம் மற்றவர்களுடையதோடு முறை காத்து ஊர்ந்தது. அவள் அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் பங்கஜம் அங்கே போயாக வேண்டும்.

ஆபரேட்டர் கங்காதரனிடம் தயங்கிக் கேட்டாள்.

"என் புரோகிராம நானே முன்னாடி தள்ள முடியாதா சார்?"

"உங்களால பின்னாடிதாம்மா தள்ள முடியும். முன்னாடி கொண்டார எனக்குத்தான் பவர் இருக்குது."

அவர் தன் திரையில் ஏதோ கட்டளை தட்டினார். வேலை விறுவிறுவென்று முடிந்தது. அன்று அம்மாவுக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டினாள்.

மறுநாள் அவள் கேட்காமலே எல்லாம் வேகமாக ஓடியது.

"காலைல நீங்க உக்காந்ததுமே உங்க திரையையே முன்னாடி ஏத்தி விட்டுட்டேன். இனி நீங்க அதுலேர்ந்து ஆரம்பிக்கிற எல்லாத்துக்கும் அதே வேகம்தான்" என்றார் கங்காதரன்.

"மத்தவங்களுக்கு லேட் ஆவாதா சார்?"

"அவங்கள கேட்டுட்டுத்தாம்மா செஞ்சேன்."

பங்கஜம் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு ஏத்த வேணாம் சார்" என்றாள்.

பக்கத்துத் திரையிலிருந்து தனகோடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பங்கஜம், அம்மா வூட்டுக்கு வந்துட்டாங்களா?"