பட்டிக்குள் வந்த அதிகாரி

கொல்லங்கோடு பேருந்தில் யாரோ ஓர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார்கள். அந்த வாடை என்னை எழுபதுகளின் கோவிந்தாபுரத்துக்கே கொண்டுபோய்விட்டது.

கல்லடுக்கிக் கட்டிய எங்கள் பழைய ஆட்டுப்பட்டியைச் சர்க்கார் புராதனச் சின்னமாகப் பாதுகாக்கப்போகிறது என்று ஓர் அதிகாரி வந்தார்.

"இனி ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. ஆடுகளை வெளியேத்தணும்."

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. அத்தனை ஆடுகளை எங்கே அடைப்பாள்?

அளவெடுக்கக் குனிந்தவரைக் கடா பின்னாலிருந்து முட்டியது. பாய்ந்து சுவர்மேல் ஏறிக்கொண்டார்.

"ஏனுங்க, கல்லத் தொடக்கூடாதுன்னீங்களே, எறங்குங்க" என்றாள் அத்தை.

"முதல்ல கடாவைப் பிடிங்கம்மா!"

"புடிக்கறனுங்க. புடிச்சு எங்கீங்க அடைக்கறது?"

அவர் கடாவைப் பார்த்தார். "இங்கேயே அடைங்க."

இறங்கியதும் அதை எழுதியும் கொடுத்தார். அத்தை கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்லியும் கேட்காமல், நின்றபடியே எழுதினார்.