நான் புகார் அலுவலராக இருக்கும் பள்ளி

அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கல்வராயன் மலையில் ஒரு சமய அறக்கட்டளை நடத்தும் விடுதிப் பள்ளியில் நான் எழுத்தர். வருகிற கடிதம் எதுவானாலும் முத்திரை குத்தி, எண் போட்டு, தபால் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. என் விடுப்புக் கடிதத்துக்குக்கூட நானே எண் போட்டுக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு.

திருநர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டம் வந்தபோது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு புகார் அலுவலர் வேண்டும் என்றார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று தாளாளர் என் பெயரை எழுதி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டினார். அதை நான் உட்பட யாரும் படித்ததில்லை.

எங்கள் கணக்கு வாத்தியார் ஐந்து வருஷம் பேன்ட் சட்டையில் வந்தவர். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து பருத்திப் புடவையில் இறங்கினார். கையில், திருநங்கை என்று கலெக்டர் கொடுத்த சான்றிதழ் இருந்தது. பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க வெறித்துப் பார்த்தார்கள். மறுநாள் “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மகளை விடுதியில் விட வந்த ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: “சாரு டீச்சராய்ட்டாங்களா? கணக்கு அதே கணக்குதானங்க?”

அதே கணக்குதான் என்றேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

தாளாளர் மட்டும் பத்து நாள் எதுவும் பேசவில்லை. ஒரு சாக்பீஸ் டப்பா குறைந்தாலே மலை அதிரக் கத்துகிறவர் அவர்.

பதினோராம் நாள், ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. என்னைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்ய ஒரு தாளை நீட்டினார். ஊழியர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழிப் படிவம். அறக்கட்டளையின் நம்பிக்கையை மதிக்கிறேன் என்பது முதல் வரி. வளாகத்தில் மது, மாமிசம் தொட மாட்டேன் என்பது இரண்டாவது. மூன்றாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது. ‘பிறப்பில் பதிவான பாலுக்குரிய உடையிலும் ஒழுக்கத்திலும் வாழ்கிறேன். அதற்கு மாறான எந்தத் திருமணச் சடங்கிலும் பங்கேற்றதில்லை.’

“ஐயா, சட்டத்துல இதெல்லாம் கூடாதுன்னு...”

“அது கம்பெனிக்காரங்களுக்கு தம்பி. நாம சாமி காரியம் பண்றவங்க. நமக்கு விலக்கு இருக்குது. வக்கீலே சொல்ட்டாரு.”

பிறகு அந்தச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அப்படி ஒரு விலக்கு என் கண்ணில் படவில்லை. ஆனால் அன்று எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை.

நான் பிறந்தது உளுந்தூர்பேட்டைப் பக்கம். எங்கள் ஊர்களில் சித்திரையில் ஆண்கள் கூத்தாண்டவருக்கு மணப்பெண்ணாகத் தாலி கட்டிக்கொள்வது வேண்டுதல். பெண்டாட்டி, பிள்ளை உள்ளவர்களும் வரிசையில் நின்று கட்டிக்கொள்வார்கள். மறுநாள் அறுத்துவிட்டுக் குளித்து, வேலைக்குப் போவார்கள். அதில் யாரும் வெட்கப்படுவதில்லை. நானும் பதினாறு வயதிலிருந்து கட்டிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அது நேர்த்திக்கடன். எனக்கு, வருஷத்தில் பொய் சொல்லாமல் நிற்கிற ஒரே நாள். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

படிவம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, அந்த வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் கணக்கு வாத்தியார் நின்றிருந்தார். திரும்பி, என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். பள்ளியில் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. டீச்சர் போடவில்லை. பதிலாக, புகார் அலுவலருக்கு என்று ஒரு கடிதம் கொண்டுவந்தார்.

“அண்ணா, சீல் போட்டு நம்பர் குடுங்க. கோர்ட்டுக்குப் போனா அதான் எனக்கு ஆதாரம்.”

“வெச்சிட்டுப் போங்க டீச்சர். சாயங்காலம் போட்டுத் தரேன்.”

என்னை நம்பி வைத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குத் தாளாளர் வந்து, “கடுதாசி எதுனா வந்துதா தம்பி?” என்றார். மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டீச்சரிடம் தாளாளர் விசாரணை நடத்தினார். குறிப்பெழுத என்னை உட்காரவைத்தார்.

“உங்கள மாதிரி கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கினவங்க இங்க வேற யாருனா கீறாங்களா? சொல்ட்டீங்கன்னா உங்க வேலையப் பத்தி யோசிக்கலாம்.”

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. “எனக்கு யாரையும் தெரியாதுங்க. நான் குடுத்த புகார் இன்னாச்சு?”

தாளாளர் பதிவேட்டைப் புரட்டினார். “அப்படி எதுவும் ஏறலியே. வந்துதா தம்பி?”

“இல்லீங்க ஐயா.”

அப்போதுதான் டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே வேலை போய், மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

இந்தப் பங்குனியில் படிவம் மறுபடி வந்தது. நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ‘மூன்றாவது உறுதிமொழியை மீறியவர் எவரையும் அறிந்தால் நிர்வாகத்துக்குத் தெரிவிப்பேன்.’ அதையும் நானே அடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது தாளாளர் மேஜையில் என் பணிக் கோப்பு திறந்திருந்தது.

“சித்திரை பொறக்கப் போவுது. இந்த வருஷம் லீவு கேக்கலியா தம்பி?” என்று சிரித்தார்.

மேலாக இருந்தவை என் விடுப்புக் கடிதங்கள். ‘கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் வேண்டுதல் இருப்பதால்’ என்று வருஷம் தவறாமல் எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்காத காரணம் அது. ஒவ்வொன்றிலும் என் கையால் குத்திய முத்திரை, என் கையால் போட்ட எண். ஒன்றுகூட விடுபடவில்லை.

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். தலைக்கு மேலே பலகை இருந்தது. புகார்களை இவரிடம் தெரிவிக்கவும் என்று எழுதி, கீழே என் பெயர்.